மலையகத்தில் ஒரே நாளில் 200 கிலோமீற்றர் சைக்கிள்: பாதை போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நீண்டதூரச் சைக்கிள் ஓட்டத்தில் இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கண்டியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கால் பலம் எல்லோரிடமும் இருக்கிறது. தடுமாறுவது பாதை போடுகிற இடத்தில்தான். சந்திக்கிறவர்கள் எல்லாம் ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் திரட்டிப் பதிலோடு எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பாதை போடுகிறவர் கிலோமீற்றரைப் பார்த்தால் போதும். இங்கே அது மூன்றாவது, நாலாவது விடயம். எவ்வளவு ஏத்தம், எந்த மணிக்கு எந்த இடம், முடியாவிட்டால் எங்கே விலகலாம் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது பாதை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

அண்ணே, நம்ம மலையில ஒரே நாள்ல 200 கிலோமீற்றர் ஓட உண்மையிலேயே முடியுமா?

முடியும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டுகிறவர், மலைவீதியில் 100 கிலோமீற்றரைத் திணறாமல் முடித்தவர் என்றால் தாராளமாக முயலலாம். 100ஐ இன்னும் தொடாதவர் முதலில் அதைத் தொடட்டும். 60 கிலோமீற்றரிலிருந்து நேரே 200க்குத் தாவினால் பழுதாவது முழங்கால்.

இதுக்கு நேர எல்லைனு ஏதாவது இருக்கா, இல்ல நாமளே வெச்சிக்கிறதா?

உலகெங்கும் பின்பற்றப்படும் ஓர் அளவு இருக்கிறது. பிரான்சின் நீண்டதூரச் சைக்கிள் சங்கமான ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த முறையில் 200 கிலோமீற்றருக்கு 13 மணித்தியாலம் 30 நிமிடம், 300க்கு 20 மணித்தியாலம். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதற்குள்ளேதான். மலைப்பாதை என்று கூடுதல் நேரம் கிடைப்பதில்லை.

அப்படியான ஓட்டத்தில் பதிவு செய்யாமல் சொந்தமாக ஓடினாலும் இந்த 13 மணி 30ஐயே வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 12 மணித்தியாலம். விடியலுக்குக் கொஞ்சம் முன்னே கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்கு வந்துசேர இந்த அளவு சரியாகப் பொருந்துகிறது.

முதல் தடவைக்கு ஒரு நல்ல பாதை சொல்லுங்க.

நான் எல்லோருக்கும் சொல்வது கண்டியில் தொடங்கிக் கண்டியிலேயே முடியும் ஒரு சுற்று. கண்டியிலிருந்து பேராதனை, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா வரை ஏ5 வீதி. அங்கிருந்து நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை வரை ஏ7 வீதி. கினிகத்தேனையில் வலப்பக்கம் திரும்பி நாவலப்பிட்டி, மறுபடி கம்பளை, கண்டி. மொத்தம் 200 கிலோமீற்றர் அளவில் வரும்.

இதைச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பெரிய ஏத்தம் ஒன்றுதான், அதுவும் நாளின் முதல் பாதியில் முடிந்துவிடும். கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே. நுவரெலியா 1,868 மீற்றர். ஹட்டனிலிருந்து பின்னே பெரும்பாலும் இறக்கம். பாதை முழுக்கத் தார் வீதி, பஸ் ஓடுகிற வீதி. நானுஓயாவிலிருந்து வட்டவளை வரை ரயில் பாதை பக்கத்திலேயே வருகிறது. 20 கிலோமீற்றருக்குள் ஒரு டவுனாவது வந்துவிடும், அதில் தண்ணீர், கடை, மருந்துக்கடை எல்லாம் கிடைக்கும். முதல் முயற்சிக்கு வேண்டியது இதுதான். ஆளில்லாத அழகான பாதைகளை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏன் அந்தப் பக்கமா சுத்தச் சொல்றீங்க? முதல்ல ஹட்டன் வழியா ஏறினா ஏத்தம் லேசாத்தானே இருக்கும்?

ஏத்தம் லேசு என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சுற்றினால் நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு நீங்கள் இறங்கும்போது பின்னேரம் மூன்று நாலு மணியாகியிருக்கும். மழையும் மூடுபனியும் கூடுதலாக வருகிற நேரம் அது. லபுக்கலையிலிருந்து இறம்பொடை வரையுள்ள வளைவுகளை, களைத்த கைகளோடு, ஈர வீதியில், எதிரே பஸ்கள் ஏறிவர இறங்குவது வேண்டாம்.

காலையில் அதே வீதியில் ஏறும்போது வேகம் மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். வானம் தெளிவாக இருக்கும், பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தெரியும், நின்று மூச்சு வாங்கவும் முடியும். ஆபத்தான துண்டு எது என்று பார்த்து, அதைக் காலையில் ஏத்தமாக வைப்பதுதான் மலைப்பாதை போடுவதில் பாதி வேலை.

எத்தனை மணித்தியாலம் ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது? எனக்கு மட்டத்துல மணிக்கு 25 வருது, அப்ப 8 மணித்தியாலத்துல முடியும்தானே?

முடியாது. தூரத்தை வேகத்தால் வகுக்கும் கணக்கு இங்கே செல்லாது. ஏத்தத்துக்கு வேறு கணக்கு, மற்றதுக்கு வேறு கணக்கு. ஏத்தத்தில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மீற்றர் உயரம் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். நாள் முழுக்க ஓட வேண்டிய பழக்கப்பட்ட ஆளுக்கு மணிக்கு 500 மீற்றர் நியாயமான அளவு. ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ என்றால், அந்த வேகத்தில் உயரத் தூக்குவதற்கு மட்டும் 120 வாட்டுக்கு மேல் தேவை. டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 150ஐத் தொடும். அதைப் பல மணித்தியாலம் கொடுப்பது சின்ன வேலையல்ல.

மேலே சொன்ன சுற்றில் மொத்த ஏத்தம் 2,700 மீற்றர் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். 2,700ஐ 500ஆல் வகுத்தால் ஐந்தரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஏத்தமாக உள்ள தூரத்தைக் கழித்தால் மட்டமும் இறக்கமும் 115 கிலோமீற்றர் அளவில் மிஞ்சும். வளைவும் டவுனும் இருப்பதால் அதற்கு மணிக்கு 25க்கு மேல் போடாதீர்கள், நாலரை மணித்தியாலம். ஆக ஓட்டம் மட்டும் 10. நிற்பதற்கு இரண்டு சேர்த்தால் 12, கைவசம் ஒன்று வைத்தால் 13.

இதை மணிகளாக எழுதினால்: கண்டி காலை 5.00, கம்பளை 6.00, புசல்லாவை 7.45, இறம்பொடை 9.00, நுவரெலியா 11.15. அரை மணித்தியாலம் சாப்பாடு. தலவாக்கலை 12.50, ஹட்டன் 2.15, கினிகத்தேனை 3.20, நாவலப்பிட்டி 4.00, கம்பளை 5.00, கண்டி 6.00. இதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் 400 மீற்றர்தான் ஏறுகிறவர் என்றால் எண்களை மாற்றிப் போடுங்கள். தெரியாது என்றால், உங்கள் ஊர் ஏத்தம் ஒன்றில் ஒரு மணித்தியாலம் நிதானமாக ஏறி அளந்துவிட்டு வாருங்கள்.

ஒரு ஆப்ல ஏத்தம் 2,600 மீற்றர்னு காட்டுது, இன்னொண்ணுல 3,400னு காட்டுது. எதை நம்புறது?

ஆப்கள் வீதியை அளப்பதில்லை. செயற்கைக்கோள் எடுத்த நில உயரப் படத்தின் மேல் உங்கள் பாதைக் கோட்டைப் போட்டுக் கூட்டுகின்றன. நம் வீதிகள் மலைச்சரிவை வெட்டிப் போட்டவை. கோடு பத்து மீற்றர் இந்தப் பக்கம் நகர்ந்தால் மேல் கொல்லை, அந்தப் பக்கம் நகர்ந்தால் பள்ளம். வளைவுக்கு வளைவு இல்லாத ஏத்த இறக்கத்தை ஆப் கூட்டிக்கொண்டே போகும். இறம்பொடைச் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் மலையின் உச்சியையே வீதி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, முக்கிய இடங்களின் உயரத்தை எழுதி நீங்களே கழித்துப் பாருங்கள். நிஜம் பெரும்பாலும் குறைந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். திட்டம் போடும்போது மட்டும் அதற்கு மேல் நூறு இருநூறு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சராசரிச் சரிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். புசல்லாவைக்கும் இறம்பொடைக்கும் இடையில் உயர வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் நடுவில் வீதி இறங்கி மறுபடி ஏறுகிறது. இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும்.

கூகிள் காட்டுற குறுக்கு வழில போகலாமா? தோட்டத்து ரோட்டுல போனா 10 கிலோமீற்றர் மிச்சமாகுதே.

இரண்டு வகைக் குறுக்கு வழி இருக்கிறது, இரண்டும் வேண்டாம். முதலாவது நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்குப் போடும்போது படம் அதைத்தான் முதலில் காட்டக்கூடும். செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தது அங்கேதான். படத்தில் பாதைக் கோட்டை இழுத்துப் பிரதான வீதிக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சத் தூரம் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவது தோட்டத்து வீதிகள். படத்தில் எல்லாம் ஒரே வெள்ளைக் கோடுதான். நேரில் போனால் முதல் கிலோமீற்றர் கொங்கிறீட், அடுத்தது கருங்கல் பதித்தது, பிறகு கொழுந்து லொறி கிழித்த சேறு. கேட் பூட்டியிருக்கலாம், தோட்டத்துக்கு உள்ளே போக அனுமதி தேவைப்படலாம். எந்தத் துண்டிலாவது சந்தேகம் இருந்தால் செயற்கைக்கோள் படத்திலும் கூகிளின் வீதிக் காட்சியிலும் (ஸ்ட்ரீட் வியூ) பெருக்கிப் பாருங்கள். வீதிக் காட்சியே இல்லாத வீதி என்றால், அந்தத் தோட்டத்தில் இருக்கிற யாரிடமாவது கேட்காமல் போடாதீர்கள். பஸ் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

எந்த மாசம் நல்லம்?

நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் அதன் நேர்ப்பாதையில் இருப்பவை. வட்டவளையில் மழை எப்படி நிற்காமல் பெய்யும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே ஜூன், ஜூலை, ஓகஸ்டில் மலையைத் தாண்டி வெலிமடை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும், கச்சான் காற்று அடிக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தை நனைக்கும்.

மேலே சொன்ன சுற்றுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை என் தெரிவு. நுவரெலியாவில் அந்தக் காலத்தில் விடியற்காலை உறைபனி விழும், ஆனால் நீங்கள் அங்கே சேரும்போது மதியத்துக்குக் கிட்ட ஆகியிருக்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை நன்றாக இருந்து, இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோடு மழை வரும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகால வாகன நெரிசலும் சேரும். ஒக்டோபர், நவம்பரில் நீண்ட பாதையே போடாதீர்கள். ஏன் என்று மண்சரிவுக் கேள்வியில் சொல்கிறேன்.

எந்தக் கிழமை போறது?

சனிக்கிழமை. ஞாயிறு தோட்டத்தில் ஓய்வு நாள், சனம் முழுக்கச் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும். ஹட்டனையும் தலவாக்கலையையும் கடக்கவே நேரம் போகும். வார நாளில் பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழரைக்கும் விடும் ஒன்றரைக்கும் முன்பின் வான்கள் நெருக்கும்.

சிவனொளிபாதமலைப் பருவம் டிசெம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை. அதில் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் யாத்திரை பஸ்கள் கினிகத்தேனை, ஹட்டன் வழியாகத்தான் வரும். முந்திய இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டுகிற சாரதிகளும் அதில் இருப்பார்கள். நீண்ட விடுமுறையோடு ஒட்டிய போயாவைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடு தண்ணிக்கு என்ன ஏற்பாடு? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணுமா?

வேண்டாம், இந்தச் சுற்றில் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எப்போது சாப்பிடுவது என்பதைப் பசியிடம் விடக்கூடாது. மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது போக வேண்டும். சீனி போட்ட பிளேன்டீ, இரண்டு வாழைப்பழம் என்றால் அந்த மணித்தியாலம் சமாளித்துவிடும். பாணும் ஜாமும், ரொட்டியும் கட்டச்சம்பலும் நல்ல சாப்பாடு. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள். நுவரெலியாவில் சோறு சாப்பிடலாம், அரைத் தட்டு. முழுத் தட்டு சாப்பிட்டு உடனே குளிரில் இறங்கினால் வயிறு கலங்கும்.

காலை ஐந்து மணிக்குக் கடை திறந்திருக்காது, அதனால் புசல்லாவை வரைக்குமானதை முதல் நாள் இரவே பையில் போடுங்கள். இரண்டு போத்தல் தண்ணீர் போதும். வீதியோரக் குழாயிலும் பாறையிலும் வழிகிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். அதன் மேலே காய்கறித் தோட்டமோ லயமோ இருக்கிறதா என்று கீழே நின்று பார்த்துத் தெரியாது. தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள். ஜீவனிப் பக்கெட் இரண்டு கட்டாயம்.

என்கிட்ட கியர் இல்லாத லுமாலாதான் இருக்கு. அதுல முடியாதா?

அந்தச் சைக்கிளைக் குறைசொல்ல மாட்டேன். அதில் விறகும் புல்லும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஒற்றைக் கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஐந்து மீற்றர் அளவு முன்னே போகும். இறம்பொடை ஏத்தத்தில் உட்கார்ந்து மிதிக்க முடியாது. நின்று மிதித்து, பிறகு தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நடந்தால் ஐந்தாம் கேள்வியில் போட்ட கணக்கு முழுக்கக் குலைந்துவிடும்.

முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக வருகிற கியர் ஒன்றாவது வேண்டும். அதில் நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீற்றர் வேகம் கிடைக்கும், முழங்காலும் தப்பும். விலை குறைந்த பழைய மவுண்டன் சைக்கிளில் கரடுமுரடில்லாத வீதி டயர் போட்டாலும் இந்த ஓட்டத்துக்குப் போதும்.

இறக்கத்துல பிரேக் சூடாகி வேலை செய்யாமப் போகும்னு சொல்றாங்களே?

தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் போகும். ரிம் பிரேக் என்றால் சில்லின் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பிடி தளரும். வளைவுக்கு முன்னே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். விடுகிற நேரத்தில்தான் காற்று அதை ஆற்றும். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது நடுவில் ஒரு தடவை நின்று, விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

குளிரும் பிரேக்குக்கு எதிரிதான். வியர்த்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து லீவரை அமுக்க முடியாது. காற்றுப் புகாத மேல்சட்டை இல்லாவிட்டால் நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு முழுப் பத்திரிகையை மடித்துவையுங்கள். நன்றாக வேலை செய்யும்.

நேரம் மிச்சம் பிடிக்க ராத்திரி 2 மணிக்கே கிளம்பினா என்ன?

கிளம்பாதீர்கள். ஐந்து மணிக்குக் கிளம்பச் சொன்னதற்குக் காரணமே, இருட்டில் ஓட வேண்டிய ஒரு மணித்தியாலம் கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில், அதிக வளைவில்லாத, விளக்குள்ள பகுதியில் முடிந்துவிடும் என்பதுதான். இரண்டு மணிக்குக் கிளம்பினால் இறம்பொடை வீதியை இருட்டில் ஏறுவீர்கள். அந்த நேரத்தில் அங்கே ஓடுவது தொலைதூர பஸ்களும் மரக்கறி லொறிகளும். 2025 மே 11 அதிகாலை அதே வீதியில், கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பகலில் ஓடினாலும் முன்னும் பின்னும் விளக்கு போட்டே ஓடுங்கள். டொப்பாஸ் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்து மீற்றர் தள்ளி நிற்கிற ஆள் தெரியாது.

பாதியில முடியலைனா என்ன பண்றது? அதையும் முன்னமே யோசிக்கணுமா?

அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இந்தச் சுற்றில் மூன்று விலகும் இடம் வைத்திருக்கிறேன், மூன்றுக்கும் மணி குறித்திருக்கிறேன். இறம்பொடைக்குச் சற்று முன்னே தவலந்தன்னைச் சந்தி. அங்கே காலை 9.30 தாண்டிவிட்டால் நுவரெலியாவை மறந்துவிட்டு, வலப்பக்கம் பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்குப் போய்ச் சுற்றைத் தொடருங்கள். 30 கிலோமீற்றர் அளவு குறையும், பெரிய ஏத்தத்தின் மேல்பாதி இல்லாமல் போகும். 200 கிடைக்காது, ஆனால் நல்ல ஓட்டம்.

நுவரெலியாவுக்கு 12.30க்குப் பிறகு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹட்டனுக்கு 3.30க்குப் பிறகு வந்தாலும் அப்படித்தான். கண்டிக்கு இன்னும் 75 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது, இறக்கம் என்றாலும் கடைசி மணித்தியாலங்கள் இருட்டில் போகும். ரயிலில் சைக்கிளைப் பார்சலாக ஏற்றும் வசதி எல்லா நிலையத்திலும் எல்லா ரயிலிலும் கிடைக்காது. முதல் நாளே நிலைய அதிபரிடம் கேட்டுவையுங்கள். அதைவிட, ஹட்டனிலோ நானுஓயாவிலோ தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பர் கையில் இருப்பது பெரிய பலம். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் கடதாசியிலும் எழுதுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போகும், போன் நனைந்தும் போகும்.

நாங்க பண்டாரவளைப் பக்கம். கண்டிக்கு வந்து ஓட வசதியில்ல. எங்களுக்கு ஒரு பாதை?

உங்களுக்கு 100 கிலோமீற்றர் அளவில் அருமையான சுற்று ஒன்று இருக்கிறது: பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, எல்ல, பண்டாரவளை. அப்புத்தளை 1,431 மீற்றர். வெல்லவாய சமவெளி வெக்கை. வழியில் 220 மீற்றர் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுகிறது. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: காலை முழுக்க இறங்கிவிட்டு, உச்சிவெயிலில் வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு 800 மீற்றருக்கு மேல் ஏறத் தொடங்குவார்கள். விடியும்போதே அப்புத்தளையைத் தாண்டி, ஒன்பது மணிக்குள் வெல்லவாயவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

200 ஆக்க வேண்டுமா? வெல்லவாயவுக்குக் கீழே நீட்டாதீர்கள். புத்தல, கதிர்காமப் பக்கம் யானை வீதிக்கு வரும். பண்டாரவளைக்குத் திரும்பி வந்து, வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா போய் அதே வழியில் திரும்புங்கள். அதாவது இரண்டாவது பெரிய ஏத்தம். முதல் சுற்றைவிட இது கடினம், பழகியவர்களுக்குத்தான் சொல்வேன். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அப்புத்தளை இடைவெளியில் காற்று பக்கவாட்டில் தள்ளும். வீதியோரத்திலிருந்து ஒரு மீற்றர் உள்ளே ஓட்டுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை போட்டா, எந்த நிறம் வரைக்கும் போகலாம்?

எந்த நிறம் போட்டாலும் போகக்கூடாது என்பதே என் பதில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் எச்சரிக்கை விடுகிறது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். உங்கள் பாதை கடக்கும் பிரிவுகள் எவை என்று முன்கூட்டியே எழுதிவைத்து, முந்திய இரவு ஒவ்வொன்றாகப் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானமாக இருக்கச் சொல்வது. அங்கே வீடு உள்ளவர்களுக்கு வேறு வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை போகலாம்.

கொஸ்லந்தை வழியாகப் போகிறவர்கள் மீரியபெத்தையைக் கடந்துதான் போவீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போன இடம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்து வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. ஒக்டோபர், நவம்பர் வேண்டாம் என்றது இதனால்தான். புயலுக்கு முந்தைய பாதைக் கோப்பு (ஆப்பில் ஏற்றும் பாதைக் கோடு) எதையும், வீதி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்காமல் பயன்படுத்த வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம்.

பொம்பளப் பிள்ளைங்க நாங்க ரெண்டு பேர் மட்டும் போகலாமா?

போகலாம், போக வேண்டும். பாதையில் மாற்றம் எதுவும் தேவையில்லை. இந்தச் சுற்றில் ஆளில்லாத நீண்ட துண்டு கிடையாது. கழிப்பறை எங்கே என்பதைத் திட்டத்திலேயே சேருங்கள். ஆண்கள் யாரும் இதை யோசிக்காததால் அவர்கள் தருகிற பாதைக் கோப்பில் அது இருக்காது. பெட்ரோல் ஷெட்கள், லபுக்கலைப் பக்கத்துத் தேயிலை விற்பனை நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவை நம்பலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

முன்னாடி ஒரு தடவை போய்ப் பாக்கணுமா? சைக்கிள்லயே போகணுமா?

பஸ்ஸில் போனால் போதும். கண்டியிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஏறும்போது நீங்கள் ஓட்டப்போகும் ஓரம் அதுதான். தார் உடைந்த இடம், கல் சரிந்து கிடக்கும் இடம், கடை, குழாய் ஆகியவற்றைக் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். இறம்பொடைச் சுரங்கப்பாதையில் உள்ளே ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நுவரெலியாவில் மாறி ஹட்டன், அங்கிருந்து மாறி நாவலப்பிட்டி. ஒரு நாள் போகும், ஆனால் எந்த ஆப்பும் தராத விவரம் கிடைக்கும். சாரதியிடமும் நடத்துநரிடமும் பேச்சுக்கொடுங்கள். சைக்கிள்காரர் எந்த வளைவில் எந்த ஓரம் ஒதுங்கினால் அவர்களுக்கு வசதி என்று அவர்களே சொல்வார்கள்.

வீட்ல அம்மா விடவே மாட்டேங்குறாங்க. என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்கிறது?

ஹேண்டிலில் ஒட்டிய அந்தக் கடதாசியின் இன்னொரு பிரதியை அம்மாவிடம் கொடுங்கள். எந்த மணிக்கு எந்த ஊர், எங்கிருந்தெல்லாம் போன் எடுப்பீர்கள், எந்த மணி தாண்டினால் எங்கே நிறுத்திவிடுவீர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். புசல்லாவை, நுவரெலியா, ஹட்டன், நாவலப்பிட்டி ஆகிய நாலு இடமும் சிக்னல் உள்ளவை, அங்கிருந்து எடுங்கள். குறித்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகியும் போன் வராவிட்டால் யாருக்கு எடுப்பது என்ற நம்பரும் கீழே இருக்க வேண்டும்.

அதன்பிறகும் வேண்டாம் என்றால், முதலில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போய்த் திரும்பும் 90 கிலோமீற்றரை இதே முறையில் ஓடி, சொன்ன மணிக்குச் சொன்ன இடத்திலிருந்து போன் எடுத்துக் காட்டுங்கள். சொன்னபடி வருகிற பிள்ளை என்று தெரிந்தால் அடுத்த தடவை ரொட்டி சுட்டுப் பையில் வைத்து அனுப்புவார்கள்.